ஒட்டியிருந்த பக்கங்கள்

வாய்க்கு லீவு விட்டாயிற்று. பள்ளிக்கூடத்துக்கே போகாத பிள்ளைகளுக்கு வேறு எதற்குத்தான் லீவு விடுவது? மதியச் சாப்பாடு முடிந்து, தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்து, வசுமதி கையைத் தட்டிவிட்டால் அந்த வீட்டில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. படுக்கலாம், படிக்கலாம், படம் வரையலாம், கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கலாம், மின்விசிறி என்ன முனகுகிறது என்று கேட்கலாம், பேச்சு மட்டும் கூடாது. ஐந்து பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கிறவளுக்கு ஒரு நாளில் தனக்கென்று இருக்கிற சொத்து இந்த ஒரு மணி நேரம்தான். மற்ற நாட்களில் காலையிலிருந்தே இதற்காக ஏங்குவாள். இன்றைக்கு யாராவது வந்து கேட்டால் சும்மாவே தூக்கிக் கொடுத்துவிடுவாள். சத்தம் இருந்தவரைக்கும் காலையில் நடந்தது ஒரு மூலையில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தது. சத்தம் அடங்கியதும் எழுந்து வந்து அவள் பக்கத்திலேயே படுத்துக்கொண்டது. மறுபக்கம் ஒரு வயது ஆதிரை மார்பைக் கவ்வியபடி, பாதி உறக்கத்தில் கால் விரலால் அம்மாவின் வயிற்றைத் தோண்டிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு மேஜைக்கடியில் ஆறு வயது இரட்டையர் குயிலியும் குமரனும் ஒருவர் காலில் மற்றவர் தலை வைத்துத் தூங்கிவிட்டார்கள். மூத்தவள் பூவரசி, பத்து வயது, ஜன்னலோரம் புத்தகமும் கையுமாக. எட்டு வயது மாறன் எங்கே? நேற்று வரைக்கும் இந்தக் கேள்விக்குப் பதில் சுலபம்: எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பான். ஜன்னலுக்கு வெளியே பாக்குத்தோப்பின் தலைகள் மட்டும் ஆடின, அடியில் ஓர் அசைவும் இல்லை. மேற்கே மலைமேல் மேகம் கூடிக்கொண்டிருந்தது. மழைக்கு முன்னால் புருஷனின் அக்கா, நங்கையா, வந்துவிடுவார்கள்.

காலை வாசிப்பில்தான் தெரிந்தது. அந்த வீட்டில் காலை வாசிப்பு என்பது வட்டமாக உட்கார்ந்து ஒரு புத்தகத்தைக் கைமாற்றிக் கைமாற்றிப் படிப்பது. புத்தகங்களும் சட்டைகளைப் போலத்தான், மூத்தவளிடமிருந்து அடுத்தவனுக்கு, அவனிடமிருந்து இரட்டையருக்கு, ஓரம் நைந்து, டேப் ஒட்டி, யாரோ கடித்த பல் தடத்தோடு இறங்கி வரும். இன்றைக்கு வந்தது சைக்கிள் வாங்கப் போன காக்கையின் கதை. பூவரசி படித்து முடித்து மாறனிடம் கொடுத்தாள். அவன் பக்கத்தைப் புரட்டினான். போன வாரம் யாரோ மாம்பழக் கையோடு தொட்டிருக்க வேண்டும், இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் புரண்டன. எதிரே உட்கார்ந்து ஆதிரைக்குத் தலை சீவிக்கொண்டிருந்த வசுமதிக்குப் படம் நன்றாகத் தெரிந்தது: காக்கை சைக்கிளை ஓட்டிக்கொண்டு பாலத்தின்மேல் போகிறது. மாறன் கணீரென்று படித்தான். "கடைக்கார ஆந்தை கேட்டது, பெல் வேணுமா, கேரியர் வேணுமா? காக்கை சொன்னது, ரெண்டும் வேணும், காசுதான் இல்லை." கடையே இல்லை அந்தப் பக்கத்தில். ஆந்தையும் இல்லை. ஆந்தையும் கடையும் ஒட்டிக்கொண்ட தாள்களுக்கு நடுவே மூடிக் கிடந்தன, மாறன் அங்கிருப்பதை இங்கே படித்துக்கொண்டிருந்தான். விரல் வரிக்கு வரி நகர்ந்தது. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினான், ஆந்தைக்குக் கரகரப்பாகக் குரலை மாற்றினான், இரட்டையர் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள். சீப்பு ஆதிரையின் சுருட்டை முடியில் சிக்கிக்கொண்டு நின்றது. அப்போது பூவரசி கையை நீட்டி, ஒன்றும் நடக்காததுபோல, நகத்தால் அந்தத் தாள்களைப் பிரித்துவிட்டாள். பிரித்துவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். வசுமதி சட்டென்று குனிந்து சிக்கெடுக்க ஆரம்பித்தாள். மகளுக்குத் தெரிந்திருக்கிறது. பத்து வயதுக் குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது, பெற்றவளுக்குத் தெரியவில்லை.

எப்போதிலிருந்து? எல்லாப் புத்தகமுமா? சாயங்காலம் பூவரசி தம்பியைக் கூட்டிக்கொண்டு மாடிப்படியில் போய் உட்காருவாள், மறுநாள் வாசிக்கப் போகும் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு முணுமுணுவென்று படிப்பாள். அதைப் பார்த்து வசுமதி எத்தனை முறை பூரித்திருக்கிறாள். பாருங்களேன், அக்காளும் தம்பியும் எத்தனை ஒற்றுமை, என்று புருஷன் செந்தில்நாதனை வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்து காட்டியிருக்கிறாள். அதற்கும் முன்னால், மாறன் கைக்குழந்தையாகத் தொட்டிலில் கிடந்தபோதே பூவரசிக்குப் படித்துக் காட்டியதெல்லாம் அவன் காதிலும் விழுந்துகொண்டேதானே இருந்தது? ஒரே பிள்ளை இருக்கிற வீட்டில் இது நடக்காது. ஒரே பிள்ளை என்றால் ஒரு புத்தகம் ஒரு தடவைதான் புதிதாக வரும். இங்கே ஒவ்வொரு கதையும் இந்தப் பையன் காது வழியாக முன்னமே நடந்து போயிருக்கிறது. எழுதத் தெரிகிறதே என்று மனது ஒரு பக்கம் சாக்குத் தேடியது. எழுதுகிறான், முத்து முத்தாக எழுதுகிறான், பார்த்து எழுதுகிறான். கோழியை வரைவதுபோல 'கோ'வை வரைகிறான். இப்போது யோசித்தால் பார்க்காமல் ஒரு வரி எழுதி அவள் கண்டதில்லை. கேட்டதும் இல்லை. கேட்டதே இல்லையே.

கேட்கக் கூடாது என்பதுதான் இந்த வீட்டின் பெருமை. பரீட்சை கிடையாது, மார்க் கிடையாது, வா இங்கே சொல்லு பார்க்கலாம் என்று பிள்ளையை நிறுத்தி வைப்பது கிடையாது. பூ மலர்கிறபோது மலரட்டும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வசுமதி பிரசங்கம் செய்வாள். கேட்கிறவர்கள் ஐந்து பூக்களையும் ஒருமுறை பார்ப்பார்கள், ஒன்று மூக்கை நோண்டிக்கொண்டிருக்கும், தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். அங்கே ஒரு பையன் இருந்தான், பெயர் கூட மறந்துவிட்டது, எண்ணெய் வழிய வழியத் தலை வாரி வருவான். எந்தப் பாடம் கேட்டாலும் கடகடவென்று ஒப்பிப்பான். ஒருநாள் சந்தேகப்பட்டு அவன் புத்தகத்தின்மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள். பையன் நிறுத்தவே இல்லை. அவள் கையைப் பார்த்துக்கொண்டே, வளையலைப் பார்த்துக்கொண்டே, மிச்சப் பாடத்தையும் படித்து முடித்துவிட்டு உட்காரலாமா மிஸ் என்றான். மேலே போய்ச் சொன்னபோது, மார்க் வருகிறது இல்லையா, விடுங்கள் என்றார்கள். அன்றைக்கே முடிவு பண்ணினாள், தன் வயிற்றில் பிறக்கிறது எதையும் இந்த ஒப்பிக்கிற கூட்டத்தில் கொண்டு வந்து நிறுத்துவதில்லை என்று. அதைச் சொல்லித்தான் செந்தில்நாதனைச் சம்மதிக்க வைத்தாள். சொட்டுநீர்க் குழாய்க் கடை வைத்திருக்கிற மனுஷன், பயிருக்கு எவ்வளவு தண்ணீர் என்பது தவிர வேறு எதிலும் பிடிவாதம் இல்லாதவர், உனக்குச் சரின்னா சரி என்றுவிட்டார். மனப்பாடத்துக்குப் பயந்து ஓடி வந்தவள் வீட்டிலேயே மனப்பாடம் வந்து பாய் விரித்துப் படுத்திருக்கிறது. யாரோ பெற்ற பிள்ளையின் புத்தகத்தில் வைத்த கையை என் பிள்ளையின் புத்தகத்தில் ஒரு தடவை வைத்திருக்க மாட்டேனா? வெட்கமாக இருந்தது. அழுகை வரும்போல இருந்தது, ஆதிரை விழித்துக்கொள்வாளே என்று அழவில்லை.

நங்கையா என்றால் செந்தில்நாதனின் அக்கா அங்கயற்கண்ணி. புருஷனின் அக்காவை இந்தப் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவது. பொள்ளாச்சிப் பக்கம் அரசாங்கப் பள்ளியில் தலைமையாசிரியை. தும்மினால்கூட வரிசையாகத் தும்மு என்பார்கள். உன்ற வீடென்ன பள்ளிக்கூடமா, சந்தைக்கடையா என்று வரும்போதெல்லாம் கேட்டுவிட்டு, பை நிறையக் கொண்டு வந்த கடலை மிட்டாயைப் பிள்ளைகளுக்குப் பங்கு வைப்பார்கள். தைப்பொங்கலுக்கு வந்தபோது பேச்சு முற்றி, செந்தில்நாதன் நடுவில் புகுந்து, "அக்கா, கோடை லீவுல வந்து எங்க வீட்டுப் புத்தகத்துல நீயே படிக்க வெச்சுப் பாரு. பெரியவங்க ரெண்டு பேரும் நல்லாப் படிச்சாங்கன்னா இதப்பத்தி இனிப் பேசக் கூடாது. இல்லையின்னா ஜூன்ல நாலு பேரையும் பள்ளிக்கூடத்துல சேத்தறலாம்" என்றார். வசுமதி சிரித்துக்கொண்டே சரிங்க நங்கையா என்றாள். எத்தனை திமிராகச் சிரித்தாள்! இன்றைக்கு அதற்காகத்தான் வருகிறார்கள். அந்தச் சிரிப்பு இப்போது அவள் முகத்தில் இல்லை, அறைக்குள் எங்கேயோ தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மின்விசிறி அதைச் சுற்றிச் சுற்றிச் சிதறடித்தது. மாறனை மூன்றாம் வகுப்பில் உட்கார வைப்பார்கள். புதுப் புத்தகத்தை, யாரும் படித்துக் காட்டாத புத்தகத்தைக் கையில் கொடுத்து எழுந்து நின்று படி என்பார்கள். அவன் அக்காவைத் தேடித் திரும்பிப் பார்ப்பான். மக்கு என்று ஒருத்தன் சொல்வான். ஒருத்தன் சொன்னால் போதும், எல்லாரும் சொல்வார்கள். இத்தனை புத்தகத்தைத் தலைக்குள் சுமக்கிறவனைப் பார்த்து.

கண் சொருகியது. தூங்கக் கூடாது, யோசிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே எங்கோ இறங்கினாள். அடுப்பில் இட்லிப் பாத்திரம் கொதிக்கிறது, அவள் காக்கைப் புத்தகத்தை ஆவியில் காட்டிக்கொண்டிருக்கிறாள், தபால்தலை உரிப்பதுபோலப் பக்கங்களை மெதுவாக உரிக்கிறாள். ஒரு தாள் பிரிந்ததும் உள்ளே இன்னொரு ஒட்டல், அதைப் பிரித்தால் இன்னொன்று. எல்லாவற்றுக்கும் நடுவில் மாறன் ஒருக்களித்துப் படுத்திருக்கிறான், தட்டையாக, சின்னதாக, கையைத் தலைக்கடியில் வைத்துக்கொண்டு. இங்கே என்னடா பண்ணுகிறாய் என்கிறாள். வாய்க்கு லீவு என்று அவன் விரலை உதட்டில் வைக்கிறான். பாக்கு மரங்கள் வீட்டுக்குள் வந்து வட்டமாக உட்கார்ந்திருக்கின்றன, காலை வாசிப்புக்கு. புத்தகம் ஒரு மரத்திடமிருந்து இன்னொரு மரத்துக்குப் போகிறது. எந்த மரமும் படிக்கவில்லை, சும்மா தலையை ஆட்டுகின்றன, எல்லாம் படிக்கிறதென்று அவள் பூரித்துப்போய் நிற்கிறாள். அவள் முறை வருகிறது. புத்தகத்தைத் திறந்தால் எழுத்தெல்லாம் வெறும் கோடும் சுழியும். ஒன்றுகூடத் தெரியவில்லை. எல்லாரும் பார்க்கிறார்கள். யாராவது ஒரே ஒரு தடவை எனக்குப் படித்துக் காட்டுங்களேன், பிடித்துக்கொள்வேன் என்று கெஞ்ச வாயெடுக்கிறாள், குரல் வரவில்லை. ஆதிரை மார்பைவிட்டு வாயை எடுத்த சிறு சத்தத்தில் விழித்துக்கொண்டாள். பால் சொட்டி ரவிக்கை நனைந்திருந்தது. கனவின் பயம் மட்டும் போகவில்லை. இந்தப் பயத்தோடா இந்தப் பிள்ளை தினமும் காலையில் வட்டத்தில் வந்து உட்காருகிறான்?

ஒரு வழி இருக்கிறது. அந்த எண்ணம் கனவிலிருந்தே கூட வந்துவிட்டது போலிருந்தது. நங்கையாவின் கையில் எந்தப் புத்தகம் கிடைக்க வேண்டும் என்று முடிவு செய்கிறவள் அவள்தானே. ஆதிரையை மெல்ல விலக்கிவிட்டு எழுந்தாள். அலமாரியில் பிள்ளைகளைச் சேர்க்கச் சொல்லி வந்த பள்ளிக்கூடத்துக்காரர்கள் விட்டுப் போன பாடநூல்கள் இரண்டு, பிரிக்காமலே இருந்தன. அவற்றை எடுத்து அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தாள். காக்கைப் புத்தகத்தை ஈரத்துணியால் துடைத்தாள், மாம்பழக் கறை முக்கால்வாசி போயிற்று. அதையும் மாறனுக்கு நன்றாகத் தெரிந்த இன்னும் இரண்டையும் மேஜைமேல் அடுக்கினாள். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது, விருந்தாளிக்குத் தம்ளர் எடுத்து வைப்பதுபோல. நங்கையா கேட்பார்கள், பையன் கணீரென்று படிப்பான், ஆந்தைக்குக் குரலை மாற்றுவான், நங்கையாவே சிரித்துவிடுவார்கள். ஜூன் கடந்து போய்விடும். பிறகு மெதுவாக, யாருக்கும் தெரியாமல், தினமும் மதியம் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஒரு வருஷம் போதும். யாருக்கு நஷ்டம்? அடுக்கிய புத்தகத்தின் விளிம்பைச் சரி செய்துகொண்டே நிமிர்ந்தாள். பூவரசி ஜன்னலோரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மேஜையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், மெல்லத் தலையை ஆட்டினாள். சரியாக வைத்திருக்கிறாய் என்று ஒரு கூட்டாளி இன்னொரு கூட்டாளிக்கு ஆட்டுகிற ஆட்டம் அது. வசுமதி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மாறன் சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்துதான் வந்தான். இத்தனை நேரமும் அங்கேதான் இருந்திருக்கிறான். அம்மாவின் காதருகே வந்து, விதியை மீறுகிறோம் என்று தெரிந்தவனாகக் கிசுகிசுத்தான்.

"அம்மா, அத்தைக்கு எந்தப் புத்தகம் எடுத்து வெச்சிருக்கே?"

"ஏங் கண்ணு?"

"சும்மாதான்." மேஜையைப் பார்த்தான். மேலட்டைப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். அவன் தோள் இறங்கியது, மூச்சு வந்தது. "இதுன்னா சரி."

வசுமதி அவனை முழங்கால்களுக்கு நடுவே இழுத்து நிறுத்தினாள். "காலைல ரெண்டு பக்கம் ஒட்டியிருந்துச்சில்ல சாமி. அம்மா பாத்துட்டேன்."

அவன் முகம் ஒன்றும் காட்டவில்லை. நெடுநாளாக மறைத்துப் பழகிய முகம். காது மட்டும் சிவந்தது. பிறகு, "அக்காளத் திட்டாத" என்றான். "நாந்தான் சொல்லிக் குடுக்கச் சொன்னேன். எல்லாருக்கும் தன்னால வந்துருச்சு. நீ சொன்னியில்ல, தன்னால வரும்னு. எனக்கு வருல."

தன்னால வரும். எத்தனை பேரிடம், எத்தனை இனிமையாக, இந்தப் பிள்ளையின் தலைக்கு மேலாகவே சொல்லியிருக்கிறாள். வந்துவிட்டதாக அவளே முடிவு பண்ணிக்கொண்ட பிறகு, வரவில்லை என்று அவன் எப்படிச் சொல்வான்? அவள் அவனைக் கட்டிக்கொண்டாள். இந்தமுறை அழுதாள், சத்தமில்லாமல், அவன் உச்சந்தலையில் முகத்தை வைத்து. வியர்வையும் தேங்காயெண்ணெயும் மணத்தது. போன் அடித்தது. நங்கையாதான்.

"அம்மிணி, பஸ்ஸு பேரூரத் தாண்டிருச்சு. புள்ளைகளத் தூங்க வெச்சறாத. நான் வந்து காப்பி குடிச்சதும் ஆரம்பிச்சறலாம்." பின்னால் கண்டக்டரின் விசில் கேட்டது.

மேஜைமேல் புத்தகங்கள் தயாராக இருந்தன. ஆகட்டுங்க நங்கையா என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். மாறன் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். பூவரசியும் பார்த்தாள்.

"நங்கையா, ஒண்ணு சொல்லோணுங்க" என்றாள் வசுமதி. "மாறனுக்குப் படிக்க வராதுங்க. எல்லாம் காதுல கேட்டு மனப்பாடமாச் சொல்லிட்டிருந்திருக்கான். எனக்கே இன்னைக்குக் காலைலதானுங்க தெரியும். தப்பு அவன் மேல இல்லைங்க. நான் பாக்கல."

பஸ்ஸின் இரைச்சலுக்கு நடுவே நங்கையாவின் குரல் வந்தது.

"அப்ப, பேசுனபடிதானா?"

"பேசுனபடிதானுங்க."

"நாலு பேரும்?"

"நாலு பேருந்தானுங்க." சொல்லும்போதே வீடு காலியாவது தெரிந்தது. மேஜைக்கடியில் யாரும் இல்லாத மதியங்கள், ஆதிரையும் அவளும் மட்டும். அதை நினைத்துக்கொண்டே போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள்.

"பையன அடிச்சுக் கிடிச்சு வெச்சறாத" என்றார்கள் நங்கையா, குரல் சற்று இறங்கி. "வந்துட்டேன்."

போனை வைத்தாள். பூவரசி ஜன்னலோரத்தில் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள், தோள்கள் குலுங்கின. அவளிடம் போக வேண்டும், அவளைத்தான் முதலில் மடியில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று எழுந்தாள். மாறன் புடவையைப் பிடித்து இழுத்தான். செந்தில்நாதன் கடைக்குக் குழாய்க் கம்பெனிக்காரர்கள் இலவசமாகக் கொடுத்த பனியனைப் போட்டிருந்தான், மார்பில் பெரிய நீல எழுத்தில் கம்பெனிப் பெயர் அச்சடித்திருந்தது. வாரத்தில் பாதிநாள் அதைத்தான் போடுவான். இத்தனை நாளும் அதைப் பற்றி அவன் ஒன்றும் கேட்டதில்லை. தெரிந்தவன் எதற்குக் கேட்பான் என்று அவளும் நினைத்திருந்தாள்.

"அம்மா," என்றான். கிசுகிசுக்கவில்லை, இரட்டையர் புரண்டு படுக்கிற அளவுக்குச் சத்தமாகவே கேட்டான். கழுத்தை மடக்கி, தலைகீழாகத் தெரிந்த முதல் எழுத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு, "இது என்ன எழுத்து?"

"ஒ" என்றாள்.

அவன் உடனே திருப்பிச் சொல்லவில்லை. விரலை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.